ஒன்றாம் எண் ஆண்பறவை

மனிதன் வானத்துப் பறவைகளின் பிறப்பையே தன் கத்தரிக்கோல் முனைக்குக் கொண்டுவந்துவிட்ட மகத்தான வரலாற்றில், அந்த வியாழக்கிழமை பொன்னெழுத்துகளால் பொறிக்கப்பட வேண்டிய நாள். பொறிக்கப்பட வேண்டிய நேரமான காலை ஏழரை மணிக்கு, அந்தக் கத்தரிக்கோலைப் பிடிக்கிற டாக்டரம்மா சமையலறைத் தொட்டியின் அடைப்புக்குள் முழங்கை வரை கையை விட்டுத் தேயிலைச் சக்கையை வாரிக்கொண்டிருந்தார்.

"விடும்மா. நான் ஒரு விண்ணப்பம் எழுதித் தரேன். மூணு நாள்ல ஆள் வந்துடுவான்," என்றார் மாமனார். முப்பத்தாறு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். வீட்டில் பல்லி விழுந்தால்கூட யாருக்கு நகல் அனுப்புவது என்று யோசிப்பார்.

"மாமா, தண்ணி இப்பவே தரையில வழியுது."

"வழியட்டும். முறைன்னு ஒண்ணு இருக்கில்ல. இது நம்ம சொந்த வீடா? துறை குடுத்த வீடு. துறைதான் குத்தணும்."

துறை கொடுத்த வீடு என்பது உண்மைதான். இரண்டு அறை, ஒரு சமையலறை, பின்பக்கம் ஏரியைப் பார்த்த கதவு. டாக்டரம்மாவின் ஒப்பந்தம் இருக்கிறவரை வீடும் இருக்கும். ஒப்பந்தம் இந்த மாசம் முப்பதாம் தேதியோடு முடிகிறது. அதை நீட்டிப்பதா வேண்டாமா என்று பார்க்கத் தலைமை அலுவலகத்திலிருந்து மறுநாள் ஒரு அம்மா வருகிறார். மகள் பத்தாம் வகுப்பில் பாதியில் இருக்கிறாள்.

பின்கதவை யாரோ தட்டினார்கள். கம்பவுண்டர். முழங்கால்வரை பேன்ட் நனைந்திருந்தது. அது அவர் வருகிற வேளை இல்லை. அந்நேரத்தில் அவர் பறவைத் திட்ட இயக்குநரின் பங்களாவில் காலைச் சாப்பாடு செய்துகொண்டிருக்க வேண்டும். கம்பவுண்டர் வேலையோடு அந்த வேலையும் அவர் தலையில் ஒட்டிக்கொண்டு வருஷம் நாலாகிறது.

"அம்மா, ஒரு நிமிஷம் வெளிய வாங்க."

"இங்கேயே சொல்லுங்க. கை இப்படி இருக்கு."

கம்பவுண்டர் மாமனாரை ஒரு பார்வை பார்த்தார். பிறகு குரலை இறக்கினார். "ஒண்ணாம் நம்பர் கூட்டுல சத்தம் கேக்குதும்மா."

"என்ன சத்தம்?"

"முட்டைக்குள்ள இருந்து."

டாக்டரம்மா கையைத் தொட்டியிலிருந்து எடுத்தார். அடைப்பு தானாகவே விட்டுக்கொண்டு தண்ணீர் கடகடவென்று இறங்கிப் போயிற்று. யாரும் அதைக் கவனிக்கவில்லை.

ஏரிக்கு நடுவில் ஒரு மணல் திட்டு இருக்கிறது. அது ஆலாக்களின் இடம். கைக்குட்டையை வீசியெறிந்த மாதிரி பறக்கிற சின்ன வெள்ளைப் பறவை. கூடு கட்டத் தெரியாது, வெறும் மணலில் குழிபறித்து இரண்டு முட்டையிட்டுவிட்டு உலகத்தை நம்பி உட்கார்ந்திருக்கும். பத்துப் பன்னிரண்டு வருஷத்துக்கு முன்னால் ஒரு பணக்காரர் தன் தோட்டத்துக் குளத்தின் அழகுக்காக எங்கிருந்தோ நாலு பெருவாத்துகளை வரவழைத்தார். குளம் வற்றியதும் அழகு பறந்து ஏரிக்கு வந்துவிட்டது. நாலு நாற்பதாகி, நாற்பது நானூறாயின. ஐந்தாறு கிலோ கனமுள்ள அந்தப் பறவை திட்டில் சாவகாசமாக ஒரு நடை நடந்தால், ஆலாவின் ஒரு வருஷத்து வம்சம் அதன் காலடியில் போயிற்று.

சுடலாம் என்றால் ஞாயிற்றுக்கிழமைதோறும் ரொட்டித் துண்டு போட்டு அவற்றைக் கொழுக்க வைத்த ஜனங்கள் சண்டைக்கு வந்தார்கள். முட்டையை எடுத்தால் பதினைந்து நாளில் அடுத்த ஈடு போட்டது. ஒரு ஜோடியைப் பிடித்து வேறெங்காவது விட்டால், காலியான இடத்தில் அன்று மாலையே இன்னொரு ஜோடி குடித்தனம் ஏறியது. கடைசியில் கண்டுபிடித்த வழிதான் அறுவை. ஆணுக்கு மட்டும் விந்துக் குழாயைத் துண்டித்துவிட்டால் அது இணையை விட்டுப் போகாது, இடத்தையும் விட்டுக் கொடுக்காது. பெட்டை கருவில்லாத முட்டையைப் போட்டுக்கொண்டு சீசன் முழுக்க அதன்மேல் உட்கார்ந்திருக்கும். ஆலா பிழைக்கும்.

வாத்தில் ஆண் எது பெட்டை எது என்று வெளியே பார்த்தால் தெரியாது. கவிழ்த்துப் பிடித்து, வாலுக்குக் கீழே விரலால் விலக்கிப் பார்க்க வேண்டும். ஒரு நிமிஷ வேலை. பார்த்து உறுதி செய்துகொண்ட பிறகு மயக்க வாயு. விலாவில் ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு இறகு பிடுங்கி, நகக்கண் நீளத்துக்கு ஒரு கீறல். வயிற்றுக்குள் இருப்பதைக் காட்டுகிற ஸ்கோப்பை உள்ளே விட்டு, முதுகெலும்பை ஒட்டி நூல்போல் ஓடுகிற குழாயைத் தேடிப் பிடித்து ஒரு துண்டு வெட்டி எடுப்பது. மறுபக்கமும் அப்படியே. ஐந்து தையல். மூன்று நாள் கூண்டில் வைத்துப் பார்த்துவிட்டு, காலில் எண் போட்ட மஞ்சள் வளையத்தோடு திட்டில் விடுவது. டாக்டரம்மா இப்படிப் பத்தொன்பது பறவைகளுக்குச் செய்தார். சரியாகச் சொன்னால் பதினெட்டு.

ஒன்றாம் எண்ணுக்கு இயக்குநரே செய்தார்.

சைக்கிள் நிறுத்துகிற கொட்டகை வெள்ளையடிக்கப்பட்டு அறுவைக்கூடம் ஆன நாள் அது. வாசலில் நாடா, உள்ளே நாற்காலிகள், பிஸ்கட், தேநீர். இயக்குநர் தாவரவியல் படித்தவர். "முதல் வெட்டு நம்ம கையால இருக்கட்டும், ஒரு ராசிக்கு," என்றார். பிடித்து வைத்திருந்த ஆறு பறவைகளைச் சுற்றி வந்து, எல்லாவற்றிலும் பெரியதைச் சுட்டினார். "இதோ. நெஞ்சை நிமிர்த்திக்கிட்டு நிக்கறதைப் பாருங்க. ஆணுக்கே உள்ள கம்பீரம்."

டாக்டரம்மா அதைக் கவிழ்த்து வாலருகே விரலைக் கொண்டுபோனார். இயக்குநர் காதருகில் குனிந்து, "டாக்டர், போட்டோவில இது நல்லாவா இருக்கும்?" என்றார்.

விரல் திரும்பி வந்துவிட்டது.

டாக்டரம்மாவே மயக்கம் கொடுத்தார், கீறிக் கொடுத்தார். இயக்குநர் ஸ்கோப்புக்குள் பார்த்து, "ஆங், கிடைச்சுது," என்று எதையோ வெட்டி எடுத்தார். வெள்ளையாக ஒரு நூல் துண்டு. கைதட்டினார்கள். டாக்டரம்மா தைத்து முடித்துப் பதிவேட்டில் எழுதினார்: 'ஆண். இரு குழாய்களும் துண்டிக்கப்பட்டன.' கீழே கையெழுத்து. தேநீர் ஆறிக்கொண்டிருந்தது, எல்லோரும் அவருக்காகக் காத்திருந்தார்கள்.

ஒன்றாம் எண்ணைத் திட்டில் விட்ட பத்தாம் நாள், கம்பவுண்டரின் அன்றாடக் குறிப்பேட்டில் 'ஒன்றாம் எண் அடைகாக்கிறது' என்று ஒரு வரி வந்தது. பெருவாத்தில் ஆண் அடைகாப்பதில்லை; காவல் நிற்கும், அவ்வளவுதான். இது டாக்டரம்மாவுக்குத் தெரியும். இயக்குநருக்குத் தெரியாது. அதனால் அவர் ஒரு கட்டுரை எழுதினார்: அறுவை செய்துகொண்ட ஆணுக்குக் குடும்பப் பொறுப்பு கூடுகிறது, மனைவியை ஓய்வெடுக்க வைத்துவிட்டுத் தானே அடைகாக்கிறது. வெளிநாட்டு மாநாடு ஒன்று அந்தக் கட்டுரையை ஏற்றுக்கொண்டு அழைப்பும் அனுப்பிவிட்டது. தந்தைமையின் இந்தக் காட்சியைப் பொதுமக்கள் பார்ப்பதற்காகக் கரையில் ஒரு பார்வை மேடைகூடக் கட்டினார்கள்.

இருபத்தெட்டு நாள், இருபத்தெட்டு முறை, 'ஒன்றாம் எண் அடைகாக்கிறது' என்ற வரிக்குப் பக்கத்தில் டாக்டரம்மா தன் சுருக்கொப்பத்தைப் போட்டார். போட்டதும் பேனாவை மூடிவிடுவார்.

அந்த வியாழக்கிழமை காலை, படகுக்குக் கம்பவுண்டர் துடுப்புப் போட்டார். காற்று செத்துக் கிடந்தது. மேகம் தலைக்கு மேல் தொங்கியும் ஒரு சொட்டு விழவில்லை. ஏரி ஊறவைத்த சாக்குபோல நாறியது.

"நேத்து சாயங்காலம் முட்டை மேல கோடு விழுந்திருந்துச்சும்மா," என்றார் கம்பவுண்டர். "இன்னிக்குப் போய்க் காதை வெச்சா, உள்ள இருந்து கீச்சுங்குது. எனக்கு நெஞ்சே நின்னு போச்சு."

"ஐயாகிட்ட சொன்னீங்களா?"

"நான் ஏன் சொல்றேன். காலையில ரெண்டு ரொட்டியும் காப்பியும் வெச்சுட்டு ஓடியாந்துட்டேன். நாளைக்கு வர்ற அம்மா நிக்கப்போறது அந்த மேடையிலதானே. மொத நம்பரைத்தான் காட்டுவாங்க. அது ஒரு குஞ்சைப் பின்னாடி கூட்டிட்டு வந்து 'வணக்கம்'னு நின்னா?"

திட்டில் இறங்கியதும் வளையமில்லாத பறவை கழுத்தைத் தரையோடு நீட்டிச் சீறிக்கொண்டு ஓடி வந்தது. குறிப்பேட்டின்படி அது பெட்டை. இறக்கையை விரித்துக் கம்பவுண்டரின் முழங்காலில் ஒன்று வைத்தது. அவர் நொண்டிக்கொண்டே நகர்ந்து, "ஓய்வெடுக்கற பொண்டாட்டியோட அடியா இது? என் கால் எலும்பு போச்சு," என்றார்.

"வலையைப் போடுங்க. பேசிட்டு நிக்காதீங்க."

வலை கூட்டின்மேல் விழுந்தது. ஒன்றாம் எண் எழுந்திருக்கவில்லை. முட்டைகளை இன்னும் நெருக்கி அணைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது. டாக்டரம்மா துணி உறையைத் தலையில் மாட்டி, இறக்கையை மடக்கி, மடியில் கவிழ்த்தார். அடியில் ஐந்து முட்டைகள். இரண்டில் ஓடு நட்சத்திரமாக விரிந்திருந்தது. ஒன்றில் ஓட்டைக்குள்ளிருந்து ஒரு சின்ன அலகு வெளியே தெரிந்து மறைந்தது. கம்பவுண்டர் தோளில் கிடந்த துண்டை எடுத்து முட்டைகளைப் போர்த்தினார்.

டாக்டரம்மா விலாவில் இறகை விலக்கினார். ஐந்து தையல் தழும்பு. தன் கைவேலை, சந்தேகமே இல்லை. காலில் மஞ்சள் வளையம், எண் ஒன்று. பிறகு வாலுக்குக் கீழே விரலை வைத்தார். ஆறு வாரத்துக்கு முன்னால் ஒரு நிமிஷம் செலவழித்துச் செய்திருக்க வேண்டியதை இப்போது அரை நிமிஷத்தில் செய்தார்.

ஆலாக்கள் தலைக்கு மேல் கத்திக்கொண்டிருந்தன.

"என்னம்மா?" என்றார் கம்பவுண்டர்.

"விட்டுடலாம். முட்டை ஆறிடும்."

"ஆணாம்மா?"

டாக்டரம்மா உறையைக் கழற்றினார். அந்தப் பறவை ஏதோ அலுவலக வேலையாகக் கொஞ்சம் வெளியே போய் வந்ததுபோல இறகைச் சிலுப்பிக்கொண்டு தன் இடத்தில் போய் உட்கார்ந்தது.

இயக்குநரின் மேஜைமேல் கண்ணாடிக் குப்பி ஒன்று இருக்கும். அதற்குள் அந்த வெள்ளை நூல் துண்டு மிதந்துகொண்டிருக்கும். பார்க்க வருகிறவர்களிடம் அதைத் தூக்கி வெளிச்சத்தில் காட்டுவார். மற்றப் பதினெட்டுத் துண்டுகளும் பரிசோதனைக்குப் போயின. இது மட்டும் நினைவுச் சின்னமாகத் தங்கிவிட்டது.

விஷயத்தைக் கேட்டதும் அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் டாக்டரம்மாவுக்குச் சுலபமாக இருந்திருக்கும்.

"குஞ்சு பொரிக்கறது ஒரு பெரிய விஷயமே இல்ல டாக்டர். அறிவியல்ல தோல்விகூட ஒரு முடிவுதான்." மேஜை இழுப்பறையைத் திறந்து பதிவேட்டின் வெற்றுப் பக்கம் ஒன்றை எடுத்து முன்னால் தள்ளினார். "இதுல ஒண்ணாம் நம்பரைப் புதுசா எழுதிடுங்க. அறுவை செய்தவர், நீங்க. இடது குழாய் முழுசாத் துண்டிக்கப்படலை. அவ்வளவுதான். ஒரு வரி."

"திறப்பு விழாவில நீங்க செஞ்சதை அத்தனை பேரும் பார்த்தாங்களே சார்."

"நான் தொடங்கி வெச்சேன். முடிச்சது நீங்க. தையல் யார் போட்டா?"

"சார், அது பெட்டை."

மேலே மின்விசிறி ஒவ்வொரு சுற்றுக்கும் ஒரு முறை முனகியது.

"யார் சொன்னா?"

"நான் பார்த்தேன். காலையில போய்ப் பிடிச்சுப் பார்த்தேன்."

"அன்னிக்கு ஏன் பார்க்கலை?"

டாக்டரம்மா வாயைத் திறந்தார். நீங்கள்தான் வேண்டாம் என்றீர்கள் என்று சொல்லலாம். ஆனால் அவர் வேண்டாம் என்று சொல்லவில்லை. போட்டோவில் நன்றாக இருக்குமா என்றுதான் கேட்டார். நன்றாக இருக்காது என்று முடிவு செய்தது யார்?

"பார்க்காமலே ஆண்னு எழுதிக் கையெழுத்துப் போட்டிருக்கீங்க," என்றார் இயக்குநர், அனுதாபத்தோடு. "இது வெளிய தெரிஞ்சா எனக்கு ஒண்ணுமில்ல. நான் அதிகாரி, எனக்கு என்ன தெரியும். உங்க கதி? இனிமே யார் உங்க கையில கத்தியைக் குடுப்பாங்க? ஒரு குழாய் தவறினா மனுஷத் தவறு. ஆணா பெண்ணான்னே தெரியாத டாக்டர்னா," என்று நிறுத்திச் சிரித்தார். "நீங்க எழுதிக் குடுங்க. ஆறு மாசம் நீட்டிக்கச் சொல்லி அந்த அம்மாகிட்ட நானே பேசறேன். பொண்ணு பரீட்சையும் முடிஞ்சிடும். இல்லேன்னா முப்பதாம் தேதி வண்டி பார்க்கணும். யோசிங்க. நாளைக்குப் பதினொரு மணி வரைக்கும் இருக்கு."

டாக்டரம்மா எழுந்தார். அந்த வெற்றுப் பக்கத்தை மடித்துக் கைப்பைக்குள் வைத்துக்கொண்டார். ஏன் வைத்துக்கொண்டோம் என்று வாசலுக்கு வந்த பிறகுதான் யோசித்தார்.

சாயங்காலம் வீட்டில் யாருக்கும் தட்டில் கை ஓடவில்லை. சோற்றில் குழம்பு காய்ந்துகொண்டிருந்தது. மகள் தனி வகுப்புக்குப் போயிருந்தாள்.

கணவர் போட்டோக்காரர். கடைத்தெருவில் சின்ன ஸ்டூடியோ; துறையின் விழாக்களுக்கெல்லாம் அவர்தான். மடிக்கணினியைத் திறந்து திறப்பு விழாப் படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளினார்.

"நாப்பத்திமூணு படம் எடுத்தேன். நீயே பாரு. ஸ்கோப் ஒரு பக்கம் இருக்கு, ஐயாவோட கண்ணு என் கேமராவில இருக்கு. இதுல சிரிக்கறார். இதுல மாலையைச் சரி பண்றார். இதுல வெட்டறார், பார்வை மட்டும் என் மேல. ஒரு படத்துலகூட உள்ள பார்க்கலை."

"பார்த்தேன்னு சொன்னாரே, கிடைச்சுதுன்னு."

"நான் 'சார், இந்தப் பக்கம்'னு சொன்னேன். அப்பத்தான் 'கிடைச்சுது'ன்னார்."

மாமனார் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றினார். "இதெல்லாம் யாருக்கும் காட்டக் கூடாது. மேலதிகாரி முகத்துல கரி பூசறது நம்ம வேலை இல்ல. நான் முப்பத்தாறு வருஷம் ஓட்டினது எப்படின்னு நினைக்கறே? வர்ற கடிதத்துக்கு ஒரு இடத்துலயும் 'ஆமாம்'னும் எழுதலை, 'இல்லை'ன்னும் எழுதலை."

"அதான் கடைசிவரைக்கும் ஒரு பதவி உயர்வும் வரலை," என்றார் கணவர்.

"வீடு இருந்துச்சுல்ல? உனக்குத் தலைக்கு மேல கூரை இருந்துச்சுல்ல?" மாமனாரின் குரல் உடைந்தது. அவர் மருமகள் பக்கம் திரும்பினார். "ஒரு வரிதானேம்மா. போட்டுக் குடுத்துடு. புள்ளைக்குப் பரீட்சை. இந்த வயசுல என்னை மூட்டையோட தெருவில நிக்க வைக்காதே."

"போட்டா என்ன ஆகும்னு சொல்லட்டுமா மாமா? பதினெட்டு பறவையை நான் ஒழுங்காச் செஞ்சிருக்கேன். ஒரு குஞ்சு பொரிக்கலை. அது யாருக்கும் ஞாபகம் இருக்காது. ஒண்ணாம் நம்பரைக் கெடுத்தவள்னு என் பேர் நிக்கும். நான் தொடவே தொடாத குழாய்."

"தொடலைதான். ஆனா கையெழுத்து உன்னுது," என்றார் கணவர்.

அவர் அதைக் குத்திக் காட்டச் சொல்லவில்லை, உள்ளதைத்தான் சொன்னார். சொல்லிவிட்டு அடுத்த படத்துக்குத் தள்ளினார். கூட்டத்தின் ஓரத்தில், ரத்தக்கறை கையுறையோடு, டாக்டரம்மா கைதட்டிக்கொண்டிருந்தார். வாய் நிறையச் சிரிப்பு.

"இதை மூடுங்க," என்றார் டாக்டரம்மா.

"நீ என்ன பண்ணப் போறே?"

"தெரியலை."

"போட்டாலும் நான் ஒண்ணும் சொல்ல மாட்டேன். போடலைன்னாலும் சொல்ல மாட்டேன்."

"ரெண்டுக்கும் நடுவில நிக்கறதுல அப்பனும் புள்ளையும் ஒண்ணுதான்," என்று சொல்லிவிட்டு அவர் தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தார். மாமனார் தன் பங்குக்கு மடிக்கணினியை மூடினார்.

வெள்ளிக்கிழமை பத்தே முக்காலுக்குத் தலைமை அலுவலகத்து அம்மா வந்தார். ஒல்லியாக, கையில் சொந்தத் தண்ணீர் பாட்டிலும் ஒரு நோட்டும். போட்ட மாலையைக் கழற்றி, அதைப் போட்டவரிடமே கொடுத்து, "தண்ணில போட்டு வைங்க, வாடிடும்," என்றார். இயக்குநரின் பதினைந்து நிமிஷ வரவேற்புரையில் நாலாம் நிமிஷத்திலேயே பார்வை மேடைக்கு நடக்க ஆரம்பித்துவிட்டார்.

வானம் இன்னும் பொழியவில்லை. மேடையில் நாலு பேர்: அந்த அம்மா, இயக்குநர், டாக்டரம்மா, தொலைநோக்கியைத் தூக்கிக்கொண்டு கம்பவுண்டர். டாக்டரம்மாவின் கைப்பைக்குள் அந்தப் பக்கம் வெற்றாகவே இருந்தது. இயக்குநர் வழியில் இரண்டு முறை அதைக் கண்ணாலேயே கேட்டுவிட்டார்.

திட்டின் சரிவில் ஒன்றாம் எண் இறங்கி வந்தது. பின்னால் மஞ்சளும் பச்சையுமாக நாலு பஞ்சு உருண்டைகள் விழுந்து எழுந்து வந்தன. எல்லோருக்கும் பின்னால் வளையமில்லாத பறவை, கழுத்தை நீட்டிக் காவல் வந்தது.

அந்த அம்மா தொலைநோக்கியை எடுக்காமல், "வளையம் ஒண்ணுதானே அது?" என்றார்.

"ஒண்ணுதான் மேடம்," என்றார் இயக்குநர். குரலில் ஒரு நடுக்கமும் இல்லை. "ரொம்ப வருத்தமான ஒரு சம்பவம். தடுப்பு முறையில குறையில்ல. பெட்டை வேற ஆணோட போயிருக்கு. இயற்கையில இப்படி நடக்கறது உண்டு. ஆனாலும் பாருங்க, அந்த ஆண் குஞ்சுங்களைக் கைவிடலை. தன்னோடது இல்லைன்னு தெரிஞ்சும் கூட்டிட்டுப் போகுது."

"தெரிஞ்சும்?"

"பெருந்தன்மை மேடம்."

அந்த அம்மா நோட்டில் ஏதோ எழுதினார். "டாக்டர் என்ன சொல்றீங்க?"

இயக்குநர் முந்திக்கொண்டார். "டாக்டரும் ஒரு குறிப்பு எழுதி வெச்சிருக்காங்க. அவங்க வேலையில ஒரு சின்னக் குறை இருந்திருக்கலாம்னு அவங்களே பெரிய மனசோட..."

"எழுதலை," என்றார் டாக்டரம்மா.

ஏரியைப் பார்த்துக்கொண்டுதான் பேச முடிந்தது. "அது பெட்டைங்க. ஆணே இல்ல. அதனாலதான் அடைகாத்துச்சு. பின்னாடி வர்றதுதான் ஆண். திறப்பு விழா அன்னிக்கு அறுவைக்கு முன்னாடி நான் பார்த்திருக்கணும். பார்க்கலை. பார்க்காமலே ஆண்னு எழுதிக் கையெழுத்துப் போட்டேன். நேத்துதான் பிடிச்சுப் பார்த்தேன்."

"வெட்டினது யாரு?"

டாக்டரம்மா இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் மேகத்தைப் பார்த்தார்.

"மேடம், இது நேத்து ஒப்பந்தப் பேச்சு வந்த பிறகு கிளம்பின கதை," என்றார். "நேத்து திட்டுக்குப் போயிருக்காங்க. யாருக்கும் சொல்லலை, அனுமதி வாங்கலை. வளையத்தைக் கழற்றி இன்னொண்ணுக்கு மாட்ட எவ்வளவு நேரம் ஆகும்? நான் தேர்ந்தெடுத்தது ஆண். நூறு பேர் பார்த்தாங்க. குப்பியில ஆதாரமே இருக்கு."

டாக்டரம்மா கையை நீட்டித் திட்டைக் காட்டினார். தையல் தழும்பு இருக்கிறது என்று சொல்ல வேண்டும். ஆனால் பறவை இப்போது குஞ்சுகளோடு தண்ணீரில் இறங்கிவிட்டது. இனி ஒரு மாசத்துக்கு அதை யாரும் பிடிக்க முடியாது. முப்பதாம் தேதிக்கு ஒன்பது நாள்தான் இருக்கிறது.

"இப்ப ஒருத்தர் சொல்லு, இன்னொருத்தர் சொல்லு," என்றார் அந்த அம்மா. நோட்டில் முன்னும் பின்னும் புரட்டினார். "அறுவைக்கு அப்புறம் மூணு நாள் கூண்டுல வெச்சுப் பார்த்தது யாரு?"

கம்பவுண்டர் தொலைநோக்கியை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார்.

"நான்தாங்க."

"அப்ப வேற பறவை கூட இருந்துச்சா?"

"இல்லீங்க. ஒண்ணாம் நம்பர் மட்டும்தான். மிச்சம் அஞ்சும் தனிக் கூண்டுல இருந்துச்சு, அதுங்களைச் செஞ்சது அடுத்த வாரம்."

"அந்த மூணு நாள்ல வித்தியாசமா ஏதாவது பார்த்தீங்களா?"

கம்பவுண்டர் இயக்குநரின் பூட்ஸைப் பார்த்தார். பிறகு தன் நொண்டிக் காலைப் பார்த்தார்.

"ஞாபகப்படுத்திச் சொல்லு," என்றார் இயக்குநர் மெதுவாக. "அவசரமில்ல."

"ஞாபகம் இருக்குங்க," என்றார் கம்பவுண்டர். "மூணாம் நாள் காலையில கூண்டைக் கூட்டப் போனேன். வைக்கோல்ல முட்டை ஒண்ணு கிடந்துச்சு."

மேடையின் மரப்பலகை எங்கோ கிறீச்சிட்டது.

"மூணாம் நாளே தெரியுமா? அப்ப ஏன் சொல்லலை?" என்றார் அந்த அம்மா.

"ஐயா ஆண்னு சொல்லிட்டாருங்க. டாக்டரம்மா கையெழுத்தும் போட்டாச்சு. நான் கம்பவுண்டர். முட்டையைக் கையில வெச்சுக்கிட்டு யார்கிட்டப் போய் நிக்கறது? குறிப்பேட்டுல அடைகாக்குது அடைகாக்குதுன்னு தினம் எழுதினேன். யாராவது கேப்பாங்கன்னு பார்த்தேன். டாக்டரம்மா ஒப்பம்தான் போட்டாங்க. ஐயா கட்டுரை எழுதிட்டாரு."

டாக்டரம்மா தலையைக் குனிந்துகொண்டார். அடி நேராக விழுந்தது. விழ வேண்டிய இடத்தில்தான் விழுந்தது.

அந்த அம்மா நீண்ட நேரம் எழுதினார். பிறகு டாக்டரம்மாவிடம், "பதினெட்டுல ஒண்ணுகூடப் பொரிக்கலையா?" என்று கேட்டார்.

"இல்லைங்க."

"உங்க கோப்பு என்கிட்டதான் இருக்கு. ஒரு வருஷம் நீட்டிச்சு எழுதறேன். ஆனா ஒண்ணாம் எண்ணுக்குக் கீழ, 'பார்க்காமல் எழுதினேன்'னு உங்க கையாலயே எழுதிக் கையெழுத்துப் போடணும். அது கோப்புல நிரந்தரமா நிக்கும். சம்மதமா?"

"சம்மதம்."

பேனா வாங்கி, கைப்பையிலிருந்த அந்த வெற்றுப் பக்கத்திலேயே, கைப்பிடிக் கட்டைமேல் வைத்து எழுதினார். எழுத்து கோணலாக விழுந்தது, ஆனால் புரிந்தது. இயக்குநர் கைக்குட்டையை எடுத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார்.

"உங்க மாநாட்டுக் கட்டுரையை நான் படிச்சுட்டுப் பேசறேன்," என்று அவரிடம் சொல்லிவிட்டு அந்த அம்மா நோட்டை மூடப் போனார். மூடாமல் கம்பவுண்டர் பக்கம் திரும்பினார்.

"கூண்டுல கிடந்ததுதான் இப்ப இருக்கிற ஒரே சாட்சி. அந்த முட்டையை எங்க வெச்சிருக்கீங்க?"

"அது இல்லீங்க."

"உடைஞ்சு போச்சா?"

"உடைச்சோம்ங்க." கம்பவுண்டர் இன்னொரு முறை தொலைநோக்கியைக் கை மாற்றினார். "அன்னிக்கு பங்களாவில கோழி முட்டை தீர்ந்துபோச்சு."

அந்த ஆம்லெட்டை இயக்குநர் இன்னும் கொஞ்சம் மிளகுத்தூள் கேட்டு வாங்கிப் போட்டுக்கொண்டு, மிச்சம் வைக்காமல் சாப்பிட்டிருந்தார்.